சமூக ஊடகக் காலத்தில் மக்கள் தொடர்பும் படைப்பு வெளிப்பாடும்: நெல்லை நிகழ்வுகள் இரண்டு

முன்னுரை

செய்தியை ஊரறியச் செய்யும் பணி தமிழர்க்குப் புதியதன்று. முரசறைந்து அரசாணை கூறிய காலமும், தண்டோராப் போட்டு வரி கட்டும் நாளை அறிவித்த காலமும் உண்டு. அவற்றில் சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்டவர் அதே முரசில் மறுமொழி கூற இயலாது. முகநூல் 2004 இலும், யூடியூப் 2005 இலும், ட்விட்டர் 2006 இலும், வாட்ஸ்அப் 2009 இலும் தோன்றின. அதன்பின் கைப்பேசி உடைய எவரும் முரசு உடையவரே ஆகிவிட்டனர். இதனால் நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பணியும், தனிமனிதரின் படைப்பு வெளிப்பாடும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்கின்றன. இந்நிலையை, வள்ளியூர் வட்டாரத்தார் நன்கறிந்த நெல்லை மாவட்ட நிகழ்வுகள் இரண்டின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்கள் தொடர்பு: சொல்லும் பொருளும்

விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு. விளம்பரம் பொருளை விற்பது. மக்கள் தொடர்பு நம்பிக்கையை வளர்ப்பது. ‘தொடர்பு’ என்னும் சொல்லே இரு முனைகளை உணர்த்துகிறது. ஒரு முனை மட்டும் பேசினால் அது அறிவிப்பாகுமேயன்றித் தொடர்பாகாது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீ, 1906 இல் தம் தொழிலின் கோட்பாடுகளை வெளியிட்டார். எம்பணி மறைவின்றி நடைபெறும், தரும் செய்தி சரியானதாக இருக்கும் என்பதே அவற்றின் சாரம். அதே ஆண்டில் பென்சில்வேனியா இரயில்வேயில் விபத்து நேர்ந்தபோது, செய்தியை மூடி மறைக்கும் பழைய வழக்கத்தை விடுத்து, நிறுவனமே செய்தியாளர்க்குத் தகவல் தருமாறு செய்தார். இந்தியாவில் இத்துறையினர்க்கான கழகம் 1958 இல் தோன்றியது. தமிழக அரசு இதற்கெனத் தனித் துறையே வைத்துள்ளது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளும் மக்கள் தொடர்பின் ஒரு வடிவமே எனலாம். அங்கே பேசுபவர் மக்கள், கேட்க வேண்டியது அரசு.

கூடங்குளம்: அடுத்தடுத்த நாளில் இரு அறிக்கைகள்

வள்ளியூருக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் அமைந்தது கூடங்குளம் அணுமின் நிலையம். 1988 இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அது. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையில் நடைபெற்ற போராட்டத்தை நாடே அறியும். அச்சத்தை அகற்ற அரசு அறிவியலாளர்களை அனுப்பிற்று. 2011 நவம்பரில் அப்துல் கலாம் அவர்களே நேரில் வந்து பார்வையிட்டு, நிலையம் பாதுகாப்பானது என்றார். முதல் அணு உலை 2013 சூலையில் இயங்கத் தொடங்கியது.

இத்தகைய மண்ணில், 2019 அக்டோபர் இறுதியில், நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துள்ளது என்ற செய்தி ட்விட்டரில் பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தார் மறுப்பு வெளியிட்டனர். உலைகளைக் கட்டுப்படுத்தும் கணினிகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை; ஆகவே அவற்றின்மீது தாக்குதல் நடத்த இயலாது என்பது அதன் கருத்து. மறுநாள் அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என ஒப்புக்கொண்டது. இணையத்தோடு தொடர்புடைய நிருவாகக் கணினி ஒன்றில் அது இருந்தது, உலைக் கட்டுப்பாட்டமைப்பு பாதிக்கப்படவில்லை, செப்டம்பர் 4 ஆம் நாளே தமக்குத் தகவல் தரப்பட்டது என்றும் கூறியது.

இரு அறிக்கைகளும் சொல்லும் அடிப்படைச் செய்தி ஒன்றே: உலைக் கட்டுப்பாடு தனித்துள்ளது. எனின் வேறுபாடு யாது? முதல் அறிக்கை, கேட்கப்பட்ட கேள்வியை விடுத்து வேறொரு கேள்விக்கு விடை கூறியது. மக்கள் ‘தீநிரல் உண்டா?’ என்றனர், அவ்வறிக்கை ‘உலைக்கு ஆபத்தில்லை’ என்றது. செப்டம்பர் 4 முதல் 56 நாள்கள் கையிலிருந்த உண்மையை நிறுவனமே முதலில் கூறியிருப்பின், அது அதன் விழிப்புக்குச் சான்றாகியிருக்கும். பிறர் கூறியபின் ஒப்புக்கொண்டதால், அதே உண்மை ஐயத்திற்கு இடமாயிற்று. உண்மை மாறவில்லை, அது வந்த வரிசை மாறியது.

ஒரு கருத்துப்படத்தின் கதை

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாளன்று, கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பத்தைச் சேர்ந்த கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள் ஆகிய நால்வர் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கிரையாயினர். நால்வரையும் காப்பாற்ற இயலவில்லை. பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லை என உறவினர் கூறினர். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 முதல் தனிச்சட்டம் இருந்தும் இது நிகழ்ந்தது.

இதனைக் கருத்துப்பட ஓவியர் பாலா வரைந்து முகநூலில் வெளியிட்டார். தீயில் கிடக்கும் குழந்தை ஒருபுறம். பணக்கட்டுகளால் உடலை மறைத்து நிற்கும் முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் மறுபுறம். ஆட்சியரின் புகாரின்பேரில் நவம்பர் 5 அன்று அவர் சென்னையில் கைது செய்யப்பட்டு நெல்லைக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாள் பிணையில் வெளிவந்தார். கைதுக்குப்பின் அப்படம் முன்னினும் பன்மடங்கு பரவியது. 2021 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கை ரத்துச் செய்தது.

அப்படம் கடுமையானது, அதிகாரிகளின் மனத்தைப் புண்படுத்தக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை நோக்க வேண்டும். மனுவாக வந்தபோது கேட்கப்படாத குறையே, ஓவியமாக வந்து கேட்க வைத்தது. தொடர்பின் வாயில் அடைபடும்போது படைப்பு வேறொரு வாயிலைத் திறந்துகொள்கிறது.

படைப்பாளியின் கடன்

இதனால் ஊடகத்தில் எழுதுவோர் எல்லாரும் உண்மையின் பக்கமே நிற்கின்றனர் என்று கொள்ளலாகாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துவோர் வருகின்றனர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், ஒரு முதிய பெண்மணியை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. வரம்பு வேகத்தைக் குறைக்கும், பொய்யை மெய்யாக்காது. கருத்துப்படத்தில் மிகை இருக்கலாம். அது கலையின் இயல்பு. ஆனால் மிகைக்கு அடியில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று இருத்தல் வேண்டும். வதந்தியில் மிகை மட்டுமே உண்டு, நிகழ்ச்சி இல்லை.

முடிவுரை

நிறுவனம், மக்கள் கேட்ட கேள்விக்கே விடை கூற வேண்டும்; அறிந்த உண்மையைத் தானே முதலில் கூற வேண்டும்; கடுஞ்சொல்லைக் கேட்டால், சொன்னவரைத் தேடுமுன் சொல்லப்பட்ட குறையைத் தேட வேண்டும். படைப்பாளி, சினத்தை வெளியிடுமுன் செய்தியைச் சரிபார்க்க வேண்டும். இந்நான்கும் இவ்விரு நிகழ்வுகளும் வதந்தியின் கொடுமையும் நமக்கு உணர்த்தும் பாடங்கள். வள்ளுவர் ‘சொல்வன்மை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை ‘அமைச்சு’ என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தமை எண்ணத்தக்கது.

இன்று தமிழ் பயிலும் மாணவருள் சிலர் நாளை அரசு அலுவலகத்தில் அறிக்கை எழுதுவர். சிலர் கவிதையும் கதையும் எழுதுவர். எல்லாரும் கைப்பேசியில் எழுதுவர். அறிக்கை எழுதும் கை, மனுவோடு வாயிலில் நிற்பவரை நினைக்கட்டும். படைப்பு எழுதும் கை, தன் சொல்லால் துன்புறக்கூடிய குற்றமற்றவரை நினைக்கட்டும். அவ்வாறு நினைக்குமிடத்தில் மக்கள் தொடர்பு தன் பெயருக்கு ஏற்ற பொருளைப் பெறும்.