மெஷின் ரூபாயா என்று கேட்டால், யென் என்று சொல்லுங்கள்

கேள்வி: ஏப்ரலில் நானும் என் கணவரும் எட்டு நாள் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, ஒசாகா பார்த்துவிட்டு, மறுபடி டோக்கியோவிலிருந்து திரும்புகிறோம். ஹோட்டலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. மற்ற செலவுக்கு டாலர் நோட்டாக எடுத்துக்கொண்டு போவோம் என்கிறார் கணவர். கார்டு ஒன்றே போதும் என்கிறான் மகன். எது சரி? ரயில் பாஸ் எடுத்தால் லாபமா?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டாலர் வேண்டாம் அம்மா. ரூபாயை டாலராக்க இங்கே ஒரு கமிஷன், டாலரை யென்னாக்க அங்கே ஒரு கமிஷன் என்று இரண்டு தடவை கை நஷ்டப்படும். மாற்றுவதென்றால் இங்கேயே யென்னாக மாற்றுங்கள்.

அதற்காக மகன் சொல்வதுபோல் கார்டை மட்டும் நம்பியும் போக முடியாது. பெரிய கடைகளில் கார்டு செல்லும். ஆனால் கோயில் நுழைவுச்சீட்டு, சின்ன ராமென் கடை வாசலில் நிற்கும் டோக்கன் மெஷின் என்று பல இடங்களில் இன்றும் ரொக்கம்தான். ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகும் சுய்கா கார்டுக்கு ஸ்டேஷன் மெஷினில் பணம் ஏற்றவும் பெரும்பாலும் நோட்டுதான் கேட்கும். சுய்காவை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். கியோட்டோ, ஒசாகாவிலும் அதுவே செல்லும்.

இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 5,000 யென் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளைக்கு 40,000. யென்னுக்கு 60 காசு என்று வைத்தால் 24,000 ரூபாய். இதில் பாதியை இங்கிருந்து கொண்டுபோனால் போதும். மீதியை அங்குள்ள செவன்-இலெவன் கடை ஏடிஎம்மில் எடுக்கலாம். வெளிநாட்டு கார்டுகளை அது ஏற்கும், திரையில் ஆங்கிலமும் உண்டு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உங்கள் வங்கி கட்டணம் பிடிக்கும் என்பதால், சிறுகச் சிறுக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கடைச் செலவுக்கு யென் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. ஏற்றிய அன்றைய விலையே கடைசிவரை நிற்கும். டாலர் ஏற்றிய கார்டை யென்னில் தேய்த்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீத மார்க்-அப், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால், லட்ச ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். மார்க்-அப் கார்டுக்குக் கார்டு மாறும். உங்களுடையது எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஒரு கேள்வி. கார்டைச் செருகியதும் சில கடைகளிலும் ஏடிஎம்களிலும் ‘ரூபாயிலா, யென்னிலா?’ என்று திரை கேட்கும். தெரிந்த கணக்கு என்று ரூபாயைத் தொட்டுவிடுவோம். தொட்டால், மாற்று விலையை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த மெஷின்காரர். தன் லாபத்தையும் அதிலேயே சேர்த்துவிடுவார். எப்போதும் யென்னையே தொடுங்கள். ரசீதில் ரூபாய் தெரிந்தால், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

ரயில் பாஸ் உங்கள் பயணத்துக்கு நஷ்டம். ஏழு நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆனது. டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் புல்லட் ரயிலில் போக வர ஆளுக்குச் சுமார் 28,000 யென்தான். தனித்தனி டிக்கெட்டே எடுங்கள்.

கிளம்புமுன் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ‘ஆன்’ செய்துவிடுங்கள். ரூபே கார்டு என்றால் அது வெளிநாட்டில் செல்லுமா என்று விசாரியுங்கள். ஓடிபி வர நம் சிம்மில் ரோமிங் இருக்கட்டும். உங்களிடம் ஒரு கார்டு, கணவரிடம் வேறு வங்கிக் கார்டு இருந்தால், ஒன்று தொலைந்தாலும் பயணம் நிற்காது.

இன்னொன்று: 500 யென்னுக்கு அங்கே நாணயம்தான். நம் கணக்கில் 300 ரூபாய். சில்லறைதானே என்று பையில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். நாணயத்தை ஊருக்கு வந்து மாற்ற முடியாது. கடைசி நாள் வரை வைக்காமல் அங்கேயே செலவழித்துவிடுங்கள்.