ஏரியும் கலங்கலும்

பண்டை மக்கள் நகரமைத்து வாழத் தலைப்பட்ட ஞான்று, இரு வினாக்கள் அவர்முன் எழுந்தன. நன்னீரை எவ்வாறு கொணர்வது என்பது ஒன்று. கழிவுநீரையும் மிகுநீரையும் எவ்வாறு போக்குவது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை கண்டோர் பலர். பின்னதையும் உடன் எண்ணியோரே நாகரிகத்தாற் சிறந்தோர் என்பது எம் கருத்து.

கி. மு. 2500-ஐ ஒட்டிய மொகஞ்சதாரோவை நோக்குக. ஆங்குக் கிணறுகள் ஆப்பு வடிவச் செங்கற்களால் வட்டமாகக் கட்டப்பெற்றிருந்தன. குளிக்கும் அறையின் நீர் சாய்ந்த செங்கற்றளத்தின் வழியே தெருச் சாக்கடையை அடைந்தது. சாக்கடை மூடப்பட்டிருந்தது, படியும் அழுக்கை வாரி எடுத்தற்கு இடையிடையே குழிகளும் இருந்தன. வாருவோர் இன்றேல் இவ்வமைப்பு நெடுநாள் நில்லாது. ஆதலின், கட்டினோரினும் காத்தோரையே யாம் மிகவும் வியக்கின்றோம்.

நிற்க. நம் தொண்டை நாட்டின் நிலை வேறு. சிந்துவைப்போல் ஆண்டு முழுதும் ஓடும் பேரியாறு ஈண்டு இல்லை; மழையின் பெரும்பகுதி சில திங்களுள் பெய்து ஓய்ந்துவிடும். ஆகவே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த நிலத்தில், சரிவுதோறும் கரையெடுத்து ஏரி வகுத்தனர் முன்னோர். மேலேரி நிரம்பின் மிகுநீர் கீழேரிக்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிகுநீர் செம்பரம்பாக்கம் சேர்வதும், அதன் மிகுநீர் அடையாற்றின் வழியே கடல் சேர்வதும் இவ்வகையினவே. பயிர்க்கு ஏரி, குளித்தற்குக் குளம், உண்ணுதற்கு ஊருணி எனப் பெயராலேயே நீரைப் பிரித்துவைத்தது நம் மொழி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏரியின் உறுப்புக்களுள் கரையையும் தூம்பையும் யாவரும் அறிவர். கலங்கலை நினைப்பார் சிலரே. மண்கரையின்மேல் நீர் வழியுமாயின் கரை அறுந்துவிடும். அதனால் கரையினும் தாழ்ந்ததாய், கல்லாற் கட்டிய வழியொன்றை அமைத்தனர். அதன்மேல் சிறு கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். மழை மிகும் நாட்களில் அவற்றின் இடைவெளியூடே நீர் தடையின்றி ஓடும். மழைக்காலம் முடியுந் தறுவாயில், புல்லும் மண்ணும் இட்டு அவ்விடைவெளிகளை அடைத்து, மேலும் சிறிது நீரைத் தேக்கிக்கொள்வர். எத்துணை எளிய பொறி! ஆங்கிலப் பொறிஞரும் நம் சொல்லையே சிறிது திரித்துக் ‘காலிங்குலா’ என எழுதிவந்தனர்.

இத்தனைக்கும் காவல் வேண்டுமன்றோ? காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி. பி. 919, 921) ஏரிவாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அவர்தம் பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவர் பெயர் மீண்டும் குடத்திற் புகாது. எனினும், நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது; கரைக்கு மண் சுமந்தவர்க்கு இல்லை. இதனை மறைத்துப் புகழ்தல் தகாது. உரோமை நகரில் கி. பி. 97-ல் நீர்க்காவலின் தலைவராயிருந்த பிராண்டினசு, குழாயைத் துளைத்து நீர் திருடுவோரைப்பற்றித் தம் நூலில் முறையிடுகின்றார். அவர்க்குத் துணை பேரரசன் ஆணை. நம் வாரியத்தார்க்கோ ஊரவை.

இன்று அந்நிலத்தே மோட்டார் வண்டியும் கைப்பேசியும் செய்யும் ஆலைகள் நெருங்கியுள. உழவு சுருங்கிய ஊரில் கலங்கலைக் காப்பார் யாவர்? வாய்க்கால் கோடையில் வறும் பள்ளமாகவே தோன்றும்; அதனைத் தூர்த்துச் சுவரெழுப்புவோர்க்கு அது நீரின் வழி என்பது புலப்படுவதில்லை. 2015 டிசம்பர் முதல் நாட் பெருமழையில், செம்பரம்பாக்கத்தினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரும் உடன்சேர, அடையாற்றங்கரையில் வீடுகள் மூழ்கின. உயிர்கள் பல மாண்டன. 24 அடி நீர் கொள்ளும் அச்செம்பரம்பாக்கம் ஏரி, நான்காண்டு நிரம்புமுன், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், வெடித்த தரையாய்க் கிடந்தது.