கொல்லிமலையும் நரம்புச் சிலந்தியும்

சூரமங்கலத்திலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக மாணவர்களை அழைத்துச் செல்லும் இடம் கொல்லிமலை. 1913இல் சாலை இல்லாத அம்மலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் குடியேறினர். வந்தது கிறித்தவ சமயப் பணிக்கு. மலைமக்கள் முதலில் ஏற்றதோ மருந்தைத்தான்.

நோய்கள் பற்றிய பாடத்தில் இதனைச் சேர்க்கலாம். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் சிறிது சிறிதாக ஜெஸ்ஸி வெளியே எடுப்பார். புழு வெளிவரும் காலுடன் ஒருவர் படிக்கிணற்றில் இறங்கினால் இளம்புழுக்கள் நீரில் கலக்கும்; அவற்றை நீர்த்தெள்ளுகள் விழுங்கும்; அந்நீரைக் குடிப்பவருக்கு ஏறத்தாழ ஓராண்டில் நோய் தெரியும். இதற்குத் தடுப்பூசி இல்லை. துணியில் நீரை வடிகட்டியும், கிணறுகளைச் சீராக்கியும் தடுத்தோம். இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததென 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கதை சொல்லும்போது ‘அறியாத மலைவாசிகள்’ என்ற தொனி வேண்டாம். வகுப்பில் மலையாளி இனப் பிள்ளைகளும் இருக்கலாம். சமவெளியிலும் இந்நோய் இருந்தது. ஜெஸ்ஸியே 1929இல் மலேரியாவின் கடும் விளைவான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவ்லின் முதுமையிலும் மலைப்பணியை விடவில்லை. 1914இல் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை செய்து இயங்கவைத்தார்.

மாணவரிடம் கேளுங்கள்: கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டினால் இப்புழுவின் சுழற்சி எந்த இடத்தில் அறுபடும்?