சிஸ்டம் ஃபைல்களை இடம் மாற்றிவிட்டீர்களா? முதலில் கணினியை அணைக்காதீர்கள்

“மாமா, சி டிரைவ்ல செவப்புக் கோடு வந்துச்சு. அதான் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ள இருந்த ஃபோல்டரெல்லாம் டி-க்கு மாத்தினேன். இப்ப எதுவுமே தொறக்க மாட்டேங்குது. ஆஃப் பண்ணிட்டுப் போடவா?”

அக்கா மகள் இரவு பத்து மணிக்குப் போனில் கேட்டாள். “ஆஃப் மட்டும் பண்ணிடாத” என்றேன். நான் சொன்னதை அவள் கேட்டதால் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அணைத்திருந்தால் அந்த இரவு முழுக்க உட்கார்ந்திருப்போம். வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருந்து, இதே நிலையில் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கையை எடுங்கள், கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை, கடைசியாகச் செய்த இடமாற்றத்தை ஃபைல் எக்ஸ்புளோரர் நினைவில் வைத்திருக்கும். எக்ஸ்புளோரரைத் திறந்து, காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். ‘அண்டூ மூவ்’ என்று தெரிந்தால் அதை அழுத்துங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலைதான். நான்கு முறை மாற்றியிருந்தால் நான்கு முறை அழுத்த வேண்டும். நிர்வாகி அனுமதி கேட்டால் ‘கன்டின்யூ’ கொடுங்கள். மறுதொடக்கம் செய்துவிட்டால் இந்த நினைவு அழிந்துவிடும். அதனால்தான் அணைக்காதீர்கள் என்கிறேன்.

பதற்றத்தில் பலர் செய்யும் தவறு, இன்னும் நாலு ஃபோல்டரை அங்கும் இங்கும் இழுத்துப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். ஒரு தாளை எடுத்து, எந்த ஃபோல்டர் எங்கிருந்து எங்கே போனது என்று எழுதுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் இந்தத் தாள்தான் துணை.

எங்கே போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது

ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை மாற்றினால், வட்டில் உள்ள தரவு அசைவதே இல்லை. பெயர்ப் பதிவு மட்டும் மாறுகிறது. பட்டாவில் பெயர் மாறினால் நிலம் நகர்ந்துவிடுகிறதா என்ன? ஃபைலுக்கு உரிய அனுமதிகளும் அப்படியே இருக்கும். பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் பெரும்பாலும் ஒரு குறையும் இராது.

சி-யிலிருந்து டி-க்கோ பென் டிரைவுக்கோ போனால் கதை வேறு. அங்கே நடப்பது நகல் எடுத்து, மூலத்தை அழிக்கும் வேலை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற அனுமதிகள் புதிய இடத்தின் வழக்கத்துக்கு மாறிவிடும். திரும்பக் கொண்டுவந்தாலும் சில ஃபைல்கள் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

நிரல்கள் திறக்காததற்குக் காரணமும் எளியது. எந்த நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழுப் பாதையையும் ரெஜிஸ்ட்ரி எழுதி வைத்திருக்கிறது. ஃபைல் பத்திரமாக டி-யில் இருந்தாலும் விண்டோஸ் சி-யில்தான் தேடும்.

கணினி ஓடுகிறது, ஆனால் கோளாறாக இருக்கிறது என்றால்

எழுதி வைத்த தாளைப் பார்த்து ஃபோல்டர்களைப் பழைய இடத்தில் வையுங்கள். பெயரில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. பிறகு விண்டோஸின் சொந்தப் பரிசோதனையை ஓட்டுங்கள்.

ஸ்டார்ட்டில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று தேடி, ரைட் கிளிக் செய்து, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். கறுப்புத் திரை வரும். போனில் சொல்வதுபோலவே சொல்கிறேன், தட்டுங்கள்: எஸ், எஃப், சி. ஓர் இடைவெளி. ஒரு சாய்கோடு. அதை ஒட்டியே எஸ், சி, ஏ, என், என், ஓ, டபிள்யூ. என்டர். சிஸ்டம் ஃபைல்களின் நல்ல பிரதிகளை விண்டோஸ் தனியே ஒரு கிடங்கில் வைத்திருக்கிறது. காணாமல் போனவற்றையும் கெட்டுப்போனவற்றையும் இந்தக் கட்டளை அங்கிருந்து எடுத்துப் போடும். நடுவில் நின்றதுபோல் தெரிந்தாலும் காத்திருங்கள்.

சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால், கிடங்கிலேயே கோளாறு என்று பொருள். இணைய இணைப்போடு அடுத்த கட்டளை: டி, ஐ, எஸ், எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீன்அப், சிறு கோடு, இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரீஸ்டோர்ஹெல்த். ஒவ்வொரு சாய்கோட்டுக்குப் பின்னும் இடைவெளி கூடாது. இது முடிந்ததும் முதல் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இவை விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டுமே மீட்கும். நீங்கள் நிறுவிய டேலியோ பிரிண்டர் மென்பொருளோ திறக்காவிட்டால் அவற்றைத் திரும்ப நிறுவத்தான் வேண்டும்.

கணினி எழவே மாட்டேன் என்கிறது என்றால்

விண்டோஸ் தொடர்ந்து எழ முடியாமல் போனால் நீலநிற மீட்புத் திரை தானாக வரும். வராவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் வந்துவிடும். அதுவும் நடக்கவில்லையென்றால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டு தயாரித்து, அதிலிருந்து ‘ரிப்பேர்’ பகுதிக்குள் போகலாம். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள்.

இந்தக் கட்டத்தில் 48 இலக்க எண் ஒன்றை மீட்புத் திரை கேட்கலாம். பிட்லாக்கர் பூட்டின் சாவி அது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைப் பயன்படுத்துகிறவர்கள், கைப்பேசியில் அதே கணக்கில் நுழைந்து பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மீட்புத் திரையில் ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போங்கள். முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. பலிக்காவிட்டால் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’. விபத்துக்கு முந்தைய தேதியில் மீட்புப் புள்ளி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது தொடாது.

இரண்டும் கைவிட்டால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அதே பட்டியலில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து ‘நோட்பேட்’ என்று தட்டுங்கள். ஆமாம், அதே நோட்பேட்தான். அதில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ போங்கள். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறு பெட்டியே ஒரு ஃபைல் எக்ஸ்புளோரர் ஆகிவிடும். ரைட் கிளிக் செய்து நகலெடுக்கலாம், ஒட்டலாம். கட்டளைகள் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல கதவு இல்லை. இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். உங்கள் சி டிரைவ் இங்கே டி என்று தெரியலாம். ‘விண்டோஸ்’, ‘யூசர்ஸ்’ இரண்டும் எதில் இருக்கின்றனவோ அதுதான் உங்கள் டிரைவ். எக்ஸ் என்று ஒன்று தெரியும். அது மீட்புத் திரையின் தற்காலிக இடம், அதை விட்டுவிடுங்கள். வெட்டி ஒட்டாமல் நகலெடுத்தே ஒட்டுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராமல் போகலாம். பொறுத்திருந்து எஃப்5 அழுத்திப் பாருங்கள்.

ரீசெட்டுக்கு முன் படங்களைக் காப்பாற்றுங்கள்

கடைசி வழி ‘ரீசெட் திஸ் பிசி’. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் ஆவணங்கள் தங்கும், நிறுவிய நிரல்கள் போகும். ஆனால் நீங்கள் இடம் மாற்றியது ‘யூசர்ஸ்’ ஃபோல்டராக இருந்தால் இதை நம்பி இறங்காதீர்கள். லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வேண்டியதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுங்கள். திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஓர் ஐகான் இருக்கும், அதைத் தொடாதீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் போனால் எந்த ரீசெட்டும் திருப்பித் தராது.

சி டிரைவில் இடம் வேண்டுமென்றால்

செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’, ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ போய்ப் பாருங்கள். பழைய அப்டேட்டின் மிச்சங்கள் மட்டுமே பல ஜிபி தேறும். ‘டவுன்லோட்ஸ்’ என்பதில் டிக் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழிக்காதீர்கள். ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ போன்றவற்றை டி-க்கு அனுப்ப விரும்பினால் இழுத்துப் போட வேண்டாம். ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘லொகேஷன்’ போய் அங்குள்ள ‘மூவ்’ பட்டனை அழுத்துங்கள். டி-யை நேராகக் காட்டாமல், அதற்குள் தனி ஃபோல்டர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிய பாதையை விண்டோஸ் தானே எழுதிக்கொள்ளும். அக்கா மகளின் கணினியில் அன்றிரவே இதைச் செய்தோம். சிவப்புக் கோடு நீலமானது.