'ஹை' என்றால் 'ஆம்' அன்று

மும்பை–அகமதாபாத் அதிவேக இரயில் பாதையின் நீளம் 508 கிலோமீட்டர். அதன் 12 நிலையங்களுள் நம் தாணேயும் ஒன்று. செலவின் பெரும்பகுதியை ஜப்பான் 0.1 விழுக்காடு வட்டியில், 50 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனாகத் தர முன்வந்தது. (அந்த வட்டி விகிதம் வங்கியாளராகிய நமக்கே பெருமூச்சை வரவழைக்கிறது.) வாக்ளே எஸ்டேட்டின் சிறு தொழிற்கூடங்களும் ஜப்பானியருடன் பேச வேண்டிய காலம் இது.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் வெளியிட்ட நூலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். ஜெர்மானியரும் அமெரிக்கரும் கருத்தைச் சொல்லிலேயே வைக்கின்றனர். ஜப்பானியரோ பெரும்பகுதியைச் சூழலில் வைக்கின்றனர். யார், யார்முன், எவ்வளவு மௌனத்திற்குப் பின் சொன்னார் என்பதிலும் பொருள் உண்டு. 'ஹை' என்பது பலவேளை 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே. 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்பது பெரும்பாலும் மென்மையான மறுப்பு. இது நமக்குப் புதிதன்று. பெண் பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்தவர்களின் கடிதத்திற்கு எந்த வீட்டிலாவது காத்திருந்தார்களா?

நாட்டுத் தலைவர்களும் இதில் இடறியதுண்டு. 1969-இல் ஜவுளி ஏற்றுமதி பற்றிய பேச்சில், 'இயன்றதைச் செய்கிறேன்' என்னும் பொருளில் பிரதமர் சாதோ கூறியதை அதிபர் நிக்ஸன் வாக்குறுதியாகவே கொண்டார் என்பர். அம்மனக்கசப்பு 1971 வரை நீடித்தது.

சிறு ஏற்றுமதியாளருக்கு இது பணச் சிக்கல். 'ஆராய்கிறோம்' என்பதை நம்பி, கைப்பணத்தில் எஃகு வாங்கி அடுக்கிவிட்டு, பேக்கிங் கிரெடிட் கேட்டு வந்தால் வங்கியால் உதவ இயலாது. உறுதியான கொள்முதல் ஆணையோ எல்.சி.யோ அக்கடனுக்கு அடிப்படை. அமெரிக்கரிடம் தவறு மறுபுறம் நேர்கிறது. 'விலை அதிகம், வேண்டா' என்று அவர் முகத்திற்கு நேரே சொன்னால் நாம் அவமதிப்பாகக் கருதி உறவை முறித்துக்கொள்கிறோம். அவரோ குறைந்த விலையை எதிர்பார்த்திருப்பார். நமது 'முயல்கிறோம்' என்ற சொல்லையும் அவர் ஒப்புதலாகவே குறித்துக்கொள்வார்.

ஜப்பானிய நிறுவனத்தின் தாமதத்தை மறுப்பென்றும் கொள்ளலாகாது. 'நேமவாஷி' என்றொரு வழக்கம் அங்குண்டு. மரத்தை இடம் பெயர்க்குமுன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்தும் தோட்டக்கலைச் சொல் அது. கூட்டத்திற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி இணக்கம் பெறுவார்கள். பின்னர் முன்மொழிவுத் தாள் மேசைக்கு மேசை சென்று முத்திரை பெறும். இதற்கு வாரங்கள் ஆகலாம். முடிவானபின் வேலை விரைந்து நடக்கும். அப்போது விலையை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஆகவே கூட்டத்தில் 'உண்டா, இல்லையா?' என்று நெருக்க வேண்டா. பேசி முடித்த மறுநாளே எண்ணிக்கை, விலை, அனுப்பும் நாள், பணம் பெறும் முறை ஆகியவற்றை எழுதி, 'திருத்தம் உளதாயின் தெரிவிக்க வேண்டுகிறோம்' என்று அனுப்புக. மறுமொழியில் எண்களும் நாள்களும் இருந்தால் பேச்சு முன்னேறுகிறது; நன்றியுரை மட்டும் இருந்தால் எஃகு வாங்குவதை நிறுத்தி வைக்கலாம். ஆணை வந்ததும் அதன் படியுடன் கிளைக்கு வருக.