ஜேபெக் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்

மைக்ரோ சிடி ஸ்கேனுக்கு மாதிரியைக் கொடுக்கும்போது கட்டணம் பேசுவோம், தேதி பேசுவோம். படக்கோப்பு எந்த வடிவத்தில் வரும் என்று கேட்க எங்கள் துறையில் ஆளில்லை. கான்கிரீட் உருளைக்குள் இருக்கும் நுண்துளைகளை அளப்பது என் ஆய்வு. ஸ்கேன் எடுத்துத் தந்த மையம் ஒரு பென் டிரைவ் நிறைய ஜேபெக் படங்களைக் கொடுத்து, "இதுதான் மேடம் எல்லா சாஃப்ட்வேர்லயும் ஓப்பன் ஆகும்" என்றது.

ஓப்பன் ஆனது உண்மைதான். பாராவியூ என்னும் இலவசக் காட்சி மென்பொருளில் மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அடுக்கும் துல்லியம். உருளையை நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். பாய் விரித்ததுபோல் குறுக்கே வெளுப்பும் கறுப்புமாக வரிகள். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் தானியங்கி வெளிச்சத் திருத்தம் செய்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஒரே ஜல்லி, ஓர் அடுக்கில் ஒரு சாம்பல் மதிப்பு, அடுத்த அடுக்கில் வேறு. துளை எது, சிமெண்ட் எது என்று பிரிக்க எந்த எல்லையை வைப்பது? போதாததற்கு, 16 பிட்டில் 65,536 நிலைகளாக இருக்க வேண்டிய அளவீடு ஜேபெக்கில் 256 நிலைகளாகச் சுருங்கிவிட்டது. ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து நுணுக்கங்களைக் கழித்துவிடும். நாலைந்து பிக்சல் அகலமே உள்ள துளையின் விளிம்பு அதில் என்ன ஆகும்?

அதற்குள் அந்த உருளையை அழுத்த வலிமைச் சோதனையில் உடைத்தாகிவிட்டது. அசல் தரவைக் கேட்டால், இடம் போதாமல் அழித்துவிட்டதாக மையத்தில் பதில். இன்னொரு முறை ஸ்கேன் செய்ய அந்த மாதிரி உலகத்திலேயே இல்லை.

இதற்கும் பழி மென்பொருள் மேல்தான் விழுந்தது. "ஃப்ரீ சாஃப்ட்வேர்னா இப்படித்தான் இருக்கும், லைசென்ஸ் வாங்கிடலாம்" என்றார்கள் எங்கள் துறையில். பாராவியூ 2000இல் கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம். மாபெரும் கணினிகளின் தரவைப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. அந்த வரிகளைக் காட்டிக்கொடுத்ததே அதுதான். பல லட்சம் கொடுத்து வாங்கும் மென்பொருளாலும் ஜேபெக் தொலைத்ததை மீட்க முடியாது.

மீதி மாதிரிகளுக்கு நான் கறாராக நின்று 16 பிட் டிஃப் வாங்கினேன். எல்லா அடுக்குக்கும் ஒரே சாம்பல் அளவுகோல், வாக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) அளவு தனித் தாளில். நீங்களும் அப்படியே கேளுங்கள். கோப்புப் பெயர்களில் 0001, 0002 என்று பூஜ்யம் நிரப்பித் தரச் சொல்லுங்கள். பாராவியூ அவற்றைக் கால வரிசையாக எடுத்துக்கொண்டால் 'ரீட் ஆஸ் இமேஜ் ஸ்டாக்' என்பதைத் தேர்வு செய்தால் போதும்.

ஆனால் டிஃப் படங்களில் அடுக்குகளுக்கு இடைப்பட்ட தூரம் வராது. அதனால் நான் ஃபிஜி என்னும் பட ஆய்வு மென்பொருளில் அடுக்குகளைச் சேர்த்து 'ரா' கோப்பாகச் சேமித்து, பக்கத்திலேயே ஒரு எம்எச்டி தலைப்புக் கோப்பை நோட்பேடில் எழுதிவிடுகிறேன். பரிமாணம், வாக்சல் இடைவெளி, தரவு வகை, பைட் வரிசை, ரா கோப்பின் பெயர், அவ்வளவுதான். பைட் வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். ஃபிஜி இயல்பாகப் பெரிய பைட்டை முன்னால் வைத்து எழுதும். தலைப்பில் அதைச் சொல்லாவிட்டால் திரையில் கான்கிரீட்டுக்குப் பதில் வெறும் இரைச்சல்தான் தெரியும். பெரிய ஸ்கேன் என்றால் இன்னொன்று: சாதாரண டிஃப் 4 ஜிபியைத் தாண்டாது, பிக்டிஃப் வேண்டும்.

மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் தருகிறோம் என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், இடைவெளி அதற்குள்ளேயே இருக்கும்.

ஸ்கேன் விண்ணப்பத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடக்கும். அதில் "16 பிட், சுருக்கப்படாத டிஃப், தானியங்கி வெளிச்சத் திருத்தம் கூடாது, நாங்கள் சரிபார்க்கும்வரை அசல் தரவை அழிக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். படங்களை நெடுக்காக வெட்டிப் பார்க்கும்வரை மாதிரியை உடைக்க யாரையும் விடாதீர்கள்.