வைரத் தோடு வாங்கும் முன்…

சுங்கைப் பட்டாணியோ அலோர்ஸ்டாரோ, நகைக்கடை விளக்கில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க:

1. விளக்கை விட்டு நகர்ந்து நிழலில் பாருங்கள். நல்ல பட்டை அங்கும் மின்னும்.

2. ஜிஐஏ என்ற ரத்தினச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழ் எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். தாளைப் போலியாக அச்சடிக்கலாம்.

3. வட்டக் கல்லுக்கு நான்கு அளவுகளைச் சான்றிதழிலிருந்து குறியுங்கள்: மேல்தட்டு 54–58%, ஆழம் 60–62.5%, மேல்சாய்வு 34–35 பாகை, கீழ்சாய்வு 40.6–41 பாகை. இந்த வரம்பில் ஒளி அடியில் கசியாமல் மேலே திரும்பும்.

4. அவற்றை ‘ஹாலோவே கட் அட்வைசர்’ இணையக் கருவியில் இடுங்கள். மதிப்பெண் 2-க்கு மேல் வந்தால் வேறு கல் கேளுங்கள். குறைந்தால் நேரில் பார்த்தே முடிவெடுங்கள். அந்தக் கருவி கழித்துக்கட்டத்தான் உதவும்.

5. விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 1 காரட் வட்டக் கல் சுமார் 6.5 மி.மீ. இருக்கும்; மிகக் குறைந்தால், எடை அடிப்பாகத்தில் போயிருக்கிறது.

6. ஏழுகல் தோட்டில் எல்லாக் கற்களும் ஒன்றுபோல் மின்னுகின்றனவா பாருங்கள். பொடிக் கற்களுக்குப் பெரும்பாலும் தனிச் சான்றிதழ் வராது.

7. காரட், நிறம், சான்றிதழ் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.